ஸல்ஸலின் மெட்டும் கணினியின் கட்டையும்

அறிவுத்துறைகளை வகைப்படுத்திய பழைய அரபு நூல்களைப் புரட்டுவோர் ஒரு செய்தியைக் கண்டு சற்றே வியப்பர். இசை அங்கே கவிதைக்கு அருகில் வைக்கப்பட்டிருக்காது. பேரறிஞர் அல்ஃபாராபீ (மறைவு: ஹி. 339 / கி.பி. 950) தம் 'இஹ்ஸாவுல் உலூம்' நூலில் அதனைக் கணிதவியல்களுள் ஒன்றாக, எண்கணிதம், வடிவியல், ஒளியியல், வானியல் ஆகியவற்றின் வரிசையில் அமர்த்துகிறார். இக்வானுஸ் ஸஃபா என்று பெயர் பூண்ட அறிஞர் குழுவும் தம் ரஸாயில் தொகுதியின் கணிதப் பகுதியிலேயே இசையைப் பேசிற்று. ஆகவே, கணிதமும் கணினியும் இசைக்குள் புகுந்துவிட்டன, இனி என்ன ஆகுமோ என்று இன்று எழும் பேச்சு இம்மரபை அறிந்தவர்க்குப் புதிதன்று. கணிதம் இசைக்குள் எப்போதும் இருந்தது. அங்கே அது என்ன வேலை செய்தது என்பதே ஆராயத் தக்கது.

நம்மவரிடையே இது குறித்து இரு குரல்கள் கேட்கின்றன. ஒன்று பெருமிதக் குரல். அல்காரிதம் என்ற சொல்லே அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது, எனவே கணினி இசையும் ஒரு வகையில் நம்முடையதே என்று அது கூறும். சொல்லின் வரலாறு உண்மை. அதிலிருந்து இழுக்கப்படும் முடிவு வெறும் ஆறுதல். மற்றது அச்சக் குரல். எந்திரம் பாடத் தொடங்கிவிட்டால் மனிதக் குரல் அழிந்துவிடும் என்பது அது. இரண்டுமே இசையின் உள்ளே சென்று பார்க்காமல் வாசலில் நின்று பேசுகின்றன என்பது நம் கருத்து.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் மார்க்கச் சட்ட ஆய்வுக்குள் நாம் ஈண்டுப் புகவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் ஸமாஉ பற்றித் தனி நூற்பகுதியே எழுதினார். இப்னு தைமிய்யா (ரஹ்) மாற்று நிலையில் உறுதியாக நின்றார். இக்கருத்து வேற்றுமை வாசகர் அறிந்ததே. ஆனால் இசைக்கருவிகள் விலக்கப்பட்டவை என்று கொள்வோரும் நாம் பேசப்போகும் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. அதனைப் பின்னே காட்டுவோம்.

முதலில் ஒரு மெட்டு. வீணையின் தண்டில் பதிக்கப்பட்ட மெட்டுகளை நாம் அறிவோம். பழைய ஊத் கருவியிலும் அத்தகைய மெட்டுகள் பேசப்பட்டன; எந்த விரல் எங்கே அழுந்துமோ அந்த விரலின் பெயரே மெட்டுக்கும் பெயர். நடுவிரலின் மெட்டு 'வுஸ்தா'. கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் பக்தாதில் ஊத் வாசித்துப் புகழ்பெற்ற மன்ஸூர் ஸல்ஸல் என்பவர், அந்த நடுவிரலை அதுவரை வழங்கிய இடத்தில் வையாமல் சற்று மேலே நகர்த்தி வைத்தார். 'வுஸ்தா ஸல்ஸல்' என்று அம்மெட்டு அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

தமிழ்ச் செவிக்கு இதனைப் புரியவைப்பது எளிது. நம் இசையில் சாதாரண காந்தாரம் என்றும் அந்தர காந்தாரம் என்றும் இரு காந்தாரங்கள் உள்ளன. இன்றைய கீபோர்டில் இவை அடுத்தடுத்த இரு கட்டைகள். ஒரு ஸ்தாயியை 1200 சிறு கூறுகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு சென்ட் என்று அளப்பது இக்கால வழக்கம். அதன்படி கீபோர்டின் சாதாரண காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 300 சென்ட், அந்தர காந்தாரம் 400 சென்ட். ஸல்ஸலின் விரல் நின்றது இவ்விரண்டுக்கும் இடையில். அரபு இசையின் தாய் மகாம் என்று சொல்லத்தக்க ராஸ்தின் உயிர் இந்த இடைப்பட்ட சுரத்தில் இருக்கிறது. அதனைச் சாதாரண காந்தாரமாக இறக்கினாலும் அந்தர காந்தாரமாக ஏற்றினாலும் ராஸ்த், ராஸ்தாக இராது.

அல்ஃபாராபீ தம் 'கிதாபுல் மூஸீகா அல்கபீர்' நூலில் இம்மெட்டுக்கு 27/22 என்ற விகிதத்தைக் கொடுத்தார். சென்டில் சொன்னால் ஏறத்தாழ 355. அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா 39/32 என்றார். அது ஏறத்தாழ 342. இரு பேரறிஞர்கள், ஒரே மெட்டு, இரு வேறு எண்கள். இதனைக் கணக்குப் பிழை என்று எண்ணுவோர் அவ்வறிஞர்களின் முறையை அறியாதவர்கள். அல்ஃபாராபீ நடுவிரலுக்கு ஒரே மெட்டை மட்டும் சொல்லி நிற்கவில்லை. கிரேக்க முறைக் கணக்கில் கிடைப்பது ஒன்று, பாரசீகர் வைப்பது ஒன்று, ஸல்ஸலுடையது ஒன்று எனப் பலவற்றையும் பதிந்தார். பக்தாதின் தன்பூரையும் குராஸானின் தன்பூரையும் தனித்தனியே எடுத்து அவற்றின் மெட்டுகளை விவரித்தார். அவரே கருவி வாசித்தவர். கோள்கள் சுழலும்போது இன்னிசை எழுகிறது என்ற பித்தகோரஸ் வழியினரின் கொள்கையை மறுத்தவர். வாசிப்பவன் விரல் முதலில் வருகிறது, எண் அதன் பின்னே வந்து அந்த இடத்தை அளக்கிறது. இதுவே அவர் நூலின் போக்கு.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து இப்போக்கு மாறுவதைக் காண்கிறோம். ஸஃபியுத்தீன் அல்உர்மவீ, கடைசி அப்பாஸியக் கலீஃபாவின் அவையில் எழுத்தணிக் கலைஞராகவும் ஊத் கலைஞராகவும் விளங்கியவர்; 1258இல் ஹுலாகூவின் படை பக்தாதை அழித்தபோது உயிர் தப்பியவர்; இறுதியில் கடனுக்காகச் சிறைப்பட்டு 1294இல் மறைந்தவர். அவருடைய 'கிதாபுல் அத்வார்' ஸ்தாயியை 17 சுரங்களாகப் பகுத்தது. ஒரே அடிப்படை விகிதத்திலிருந்து அனைத்தும் கிளைத்து வருமாறு அவர் அமைத்த கணக்கின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கணக்கில் ஸல்ஸலின் மெட்டு எங்கே போய் விழுந்தது? 384 சென்டில். அந்தர காந்தாரத்தின் மடியில். வாசித்தவர்கள் அங்கேதான் விரல் வைத்தார்களா என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. கணக்கு முழுமை அடைந்தது. விரல் அதற்கு வெளியே நின்றுவிட்டது.

இந்த வரலாறு மீண்டும் ஒருமுறை நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் வாழ்ந்த மருத்துவர் மீகாயீல் மிஷாகா, ஸ்தாயியை 24 கால் சுரங்களாகப் பகுக்கும் முறையை விளக்கி நூல் செய்தார். 1932இல் எகிப்து மன்னர் ஃபுஆத் கெய்ரோவில் அரபு இசை மாநாட்டைக் கூட்டியபோது இந்த 24 பெரும் விவாதப் பொருளாயிற்று. ஐரோப்பாவிலிருந்து பார்டோக், ஹிண்டமித், கர்ட் சாக்ஸ் போன்றோர் வந்திருந்தனர். துருக்கியிலிருந்து ரவூஃப் யெக்தா வந்திருந்தார். எல்லாக் கால் சுரங்களும் சம அளவினவா, அல்லவா என்பது ஒரு பூசல். பியானோவை அரபு இசைக்குள் அனுமதிப்பதா என்பது மற்றொரு பூசல். வேடிக்கை என்னவெனில், அரபு இசையின் தனித்தன்மையைக் காப்பதாகச் சொல்லிப் பியானோவை எதிர்த்தவர்கள் ஐரோப்பியருள் இருந்தனர். முன்னேற்றத்தின் பெயரால் அதனை வரவேற்றவர்கள் எகிப்தியருள் இருந்தனர். இன்று அரபுப் பள்ளிகளில் கற்பிக்கப்படுவது சமமான 24தான். அதில் ஸல்ஸலின் சுரம் 350 சென்ட். எழுதுவதற்கு எளிது. ஆனால் அச்சுரம் கெய்ரோவில் ஓர் இடத்திலும், அலெப்போவில் சற்று உயர்ந்தும், இஸ்தான்புல்லில் இன்னும் உயர்ந்தும் ஒலிப்பதை இசைவாணர்கள் அறிவர். ஒரே பாடகரிடத்திலும் ராஸ்தில் ஓரளவும் பயாத்தீயில் அதினும் தாழ்ந்த ஓரளவும் வரும். எண் ஒன்று, செவி அறிந்த இடங்கள் பல.

கணினியின் கதையை இப்போது எடுத்துக்கொள்வோம். தானே ஒலிக்கும் கருவிக்கு நம் மரபில் முன்னோடி உண்டு. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் நீரின் விசையால் தானே குழலூதும் கருவி ஒன்றை வடிவமைத்து விவரித்தனர். முளைகள் பதித்த உருளை சுழலச் சுழலக் குழலின் துளைகள் திறந்து மூடும். முளைகளை மாற்றினால் பண் மாறும். மென்பொருள் என்று இன்று நாம் சொல்வதன் கரு அந்த முளைகளில் இருக்கிறது. 1843இல் இங்கிலாந்தின் அடா லவ்லேஸ், சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணிப்பு எந்திரம் பற்றிய தம் குறிப்புகளில், அது ஒருநாள் நுணுக்கமான இசையையும் இயற்றக்கூடும் என்று எழுதினார். அவர் சும்மா எழுதவில்லை. ஒரு நிபந்தனையோடு எழுதினார். சுரங்களுக்கிடையேயான உறவுகளை எந்திரத்துக்கு ஏற்ற வடிவில் சொல்ல முடியுமானால், என்பது அந்த நிபந்தனை. அவருடைய முன்னறிவைப் போற்றுவோர் பலர். நிபந்தனையை நினைப்போர் சிலர். யாருடைய சுரங்கள், எந்த வடிவில் என்ற கேள்வி அந்த 'ஆனால்' என்ற விகுதியில் அடங்கியிருக்கிறது.

1957இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் ஒரு நால்வர் தந்தி இசையைக் கணினியைக் கொண்டு இயற்றினர். கணினி எண்களைக் குருட்டாம்போக்கில் உருட்டும்; ஐரோப்பிய இசை இலக்கணத்துக்கு ஒவ்வாதவற்றைத் தள்ளும்; எஞ்சியது இசை. அங்கே கணினிக்குக் கொடுக்கப்பட்ட சுரங்கள் பியானோவின் 12 மட்டுமே. அவர்கள் ஐரோப்பிய மரபினர், தம் மரபைக் கொடுத்தனர். அதில் குறை காண நமக்கு உரிமையில்லை.

குறை காணவேண்டிய இடம் 1983. மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இகுதாரோ காகெஹாஷி முதலியோரின் முயற்சியால் மிடி என்ற பொதுமொழி அவ்வாண்டில் வந்தது. போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடிச் செய்த நற்செயல் அது. எளிமையால் உலகெங்கும் பரவிற்று. ஆனால் அம்மொழியில் சுரம் என்பது 0 முதல் 127 வரையிலான ஒரு முழு எண். 63 என்றால் ஒரு கட்டை, 64 என்றால் அடுத்த கட்டை. இடையில் எண் இல்லை. ஸல்ஸலின் விரல் நின்ற இடத்துக்கு அந்த மொழியில் பெயரே இல்லை. சுரத்தை வளைக்கும் வசதி ஒன்று தரப்பட்டிருந்தது. ஆனால் அது ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்துவிடும். ஒரு சுரத்தை மட்டும் வளைக்க வேண்டியவர் சுற்றுவழிகளைத் தேடவேண்டியிருந்தது. அரபுச் சந்தைக்கென்று கால் சுரப் பொத்தான்கள் வைத்த கீபோர்டுகள் பின்னர் வந்தன. அவையும் பெரும்பாலும் 350இலேயே சுரத்தை நிறுத்தின. 2020இல் வெளிவந்த மிடியின் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே நுண்ணளவு கொடுக்க வழி செய்தது. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் செவி கட்டைகளுக்குப் பழகிவிட்டது.

இத்தகைய கவலை இந்திய மண்ணுக்கும் புதிதன்று. ஆர்மோனியத்தின் கட்டைகள் நம் சுருதிகளைச் சிதைக்கின்றன, கமகத்தை வழங்க மறுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவியை விலக்கி வைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது. தடையால் ஆர்மோனியம் ஒழியவில்லை. வானொலிக்கு வெளியே கவ்வாலியிலும் பஜனையிலும் அது பாடிக்கொண்டே இருந்தது. கருவியைத் தடுத்து இசையைக் காக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

முன்னே நாம் சுட்டிய இடத்துக்கு வருகிறோம். இசைக்கருவிகளை விலக்குவோர் குரலால் மட்டும் பாடும் நஷீதுகளை விரும்புகின்றனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்குரலுக்கு என்ன நேர்கிறது? பூமிக்குள் அதிர்வுகளைச் செலுத்தி, அவற்றின் எதிரொலியைக் கணித முறையால் ஆராய்ந்து எண்ணெய் வளத்தைத் தேடும் தொழில்நுட்பத்தில் பணியாற்றியவர் ஆண்டி ஹில்டபிராண்ட் என்ற அமெரிக்கர். அந்தக் கணிதத்தையே மனிதக் குரலுக்குத் திருப்பி, 1997இல் ஆட்டோ-டியூன் என்ற மென்பொருளை வெளியிட்டார். பாடுபவரின் குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கண்டு, மிக அருகிலுள்ள 'சரியான' சுரத்துக்கு அதனைத் தள்ளுவது அதன் வேலை. எது சரியான சுரம்? வேறு அளவுகளைக் கொடுக்க இடமுண்டு. ஆனால் கேளாதவர்க்குக் கிடைப்பது 12 கட்டைகள். 355 சென்டில் நிற்கும் குரலை அது பிழை என்று எண்ணி 400க்கு ஏற்றும். 342இல் நிற்கும் குரலை 300க்கு இறக்கும். அல்ஃபாராபீ சொன்ன மெட்டும் இப்னு ஸீனா சொன்ன மெட்டும் அந்த எந்திரத்தின் பார்வையில் இரு வேறு திசையில் தவறியவை. கருவி வேண்டாம் என்று விலக்கியவரின் நஷீதுக்குள் பியானோ இவ்வாறு ஓசையின்றி நுழைந்து அமர்ந்துகொள்கிறது. மரம் இல்லை, தந்தி இல்லை, ஆயினும் அதன் கட்டைகள் எல்லாம் இருக்கின்றன. கருவி பற்றி நூல் நூலாக வாதிட்ட நம்மவர் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

திருக்குர்ஆன் ஓதலை நாம் இசையென்று சொல்லவில்லை. ஆயினும் முஸ்தஃபா இஸ்மாயீல் போன்ற எகிப்தியக் காரிகளின் ஓதலைச் செவிமடுத்தோர், அக்குரல் மகாம்களின் வழியே நடப்பதை அறிவர். அரபுக் கல்லூரியில் கற்பிக்கும் நாம் காண்பது இது: பழைய பதிவுகளைக் கேட்டு வளர்ந்த மாணவரின் குரல் அந்த இடைச்சுரத்தில் தானாகவே நிற்கிறது; கைப்பேசியில் மெருகூட்டப்பட்ட நஷீதுகளைக் கேட்டு வளர்ந்தவரின் குரல், புர்தா ஓதும்போதுகூடக் கட்டையைத் தேடுகிறது. இது அளவெடுத்துச் சொன்னதன்று, வகுப்பறையில் செவி சொன்னது. அளவெடுத்துப் பார்க்கத் தக்கது.

இதனால் அந்த மென்பொருளை முற்றாகப் பழிப்பதும் நீதியன்று. மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் வெகுமக்கள் பாடகர்கள் அதனைக் குறை திருத்தும் கருவியாகக் கொள்ளவில்லை. குரல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும்போது எந்திரம் தடுமாறி எழுப்பும் நடுக்கத்தையே ஓர் அணியாகக் கொண்டனர். அவர்கள் எந்திரத்துக்குப் பணியவில்லை. அதனை வம்புக்கு இழுத்தனர். 1944இலேயே கெய்ரோவில் ஹலீம் அத்தப்ஃ என்ற இளைஞர், ஸார் சடங்கில் பெண்கள் பாடியதைக் கம்பி ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து, அவ்வொலியை மாற்றியமைத்துப் புதிய படைப்பு ஒன்றைச் செய்தார். மின்னணு இசை வரலாற்றில் மிக முற்பட்டவற்றுள் அது ஒன்று. சுரத்துக்கு எண் கொடுக்காமல் ஒலியையே கையிலெடுத்தவர் அவர்.

இன்றைய செயற்கை நுண்ணறிவு இதே வழியில்தான், ஒலியையே கையிலெடுத்துத்தான், வந்திருக்கிறது. சுனோ, உடியோ போன்ற செயலிகளிடம் சில சொற்களை எழுதிக் கொடுத்தால் பாடலே வந்து விழுகிறது. எவருடைய பதிவுகளைக் கொண்டு இவை பயிற்றுவிக்கப்பட்டன என்று கேட்டு, 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரும் இசை நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அப்பூசல் ஒருபுறம் இருக்கட்டும். நம் பொருளுக்கு வேண்டியது வேறு. இவ்வகை எந்திரம் ஒலியலையையே கற்கிறது. ஆகவே மிடிக்கு இருந்த தடை கொள்கையளவில் இதற்கு இல்லை. ஸல்ஸலின் சுரத்தை இதனால் எழுப்ப முடியும். எழுப்புமா என்பது அது எதனை எவ்வளவு கேட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மிடியின் காலத்தில் விதி வாயிலை அடைத்தது. இப்போது பெரும்பான்மை அடைக்கிறது. கோடிக்கணக்கில் கட்டைச் சுரங்களைக் கேட்ட எந்திரத்திடம் ராஸ்த் வேண்டுமென்றால், அது ராஸ்தின் அலங்காரங்களையெல்லாம் அணிவித்த ஒரு மேற்கத்திய ஸ்தாயியைக் கொடுக்கக்கூடும். விதி அடைத்த வாயிலைக் கண்ணால் காணலாம்; சராசரி அடைத்ததைக் காண்பது அரிது. ஆகவே இரண்டாவதையே நாம் கூடுதலாக அஞ்சுகிறோம்.

மறுபுறம், அல்ஃபாராபீ செய்த வேலையை அவர் கனவிலும் காணாத நுட்பத்தோடு செய்யக் கணினியால் இயலும். பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011 முதல் 2017 வரை நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம், துருக்கி மகாம், அரபு-அந்தலூஸிய இசை, இந்துஸ்தானி, சீன நாடக இசை ஆகியவற்றோடு நம் கருநாடக இசையையும் எடுத்துக்கொண்டது. பதிவுகளைத் தொகுத்து, அவற்றில் குரல் உண்மையில் எங்கே நிற்கிறது என்று கணினியால் அளந்தது. துருக்கி மேதைகளின் பதிவுகளைப் பாரிஷ் போஸ்குர்ட் போன்ற ஆய்வாளர்கள் இவ்வாறு அளந்து பார்த்தபோது, பாடப் புத்தகக் கணக்குக்கும் கலைஞரின் விரலுக்கும் இடையே வேறுபாடு தெரிந்தது. ஸஃபியுத்தீனின் 384ஐப் பார்த்து அறிஞர்கள் கொண்ட ஐயத்தின் இன்றைய வடிவம் இது. 2021இல் இராக்கிய ஊத் கலைஞர் கையாம் அல்லாமி, லெய்ம்மா, அபோடோம் என்ற இரு மென்பொருள்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்டார். 27/22 என்று எழுதிக் கொடுத்தால் எந்திரம் 27/22ஐ ஒலிக்கும். 12 கட்டை அதில் பல தெரிவுகளுள் ஒன்று மட்டுமே.

இப்பணியில் நம் அரபுக் கல்லூரிகளுக்கு இடமுண்டா என்று சிலர் நகைக்கக்கூடும். உண்டு. அல்ஃபாராபீயின் நூலை அரபியில் படிக்கத் தெரிந்தவர் கணினி அறிவதில்லை. கணினி அறிந்தவர் அந்நூலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாக அறிகிறார். நம் ஊர்களில் மௌலிது ஓதிய முதியவர்களின் குரல்களில் எவ்வளவு பதிவாகியுள்ளது, பதிவானவை எந்த அலமாரியில் பூஞ்சை பிடிக்கின்றன என்பதற்கு ஒரு பட்டியல்கூட இல்லை. பதியப்படாத குரலை எந்த எந்திரமும் கற்காது. சராசரியில் அதற்குப் பங்கில்லை.

1932 கெய்ரோ மாநாட்டில் எண்களைப் பற்றிச் சண்டையிட்ட குழுக்கள் ஒரு நன்மையும் செய்தன. பல நாட்டுக் கலைஞர்களை வரவழைத்து இசைத்தட்டுகளில் பதிந்தன. இராக்கின் முஹம்மத் அல்குப்பான்ஜியின் குரல் அவற்றில் இருக்கிறது. அப்பதிவுகள் 2015இல் 18 குறுந்தகடுகளாக மீண்டும் வெளியிடப்பட்டன. சுரத்தை அளக்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஸல்ஸலின் மெட்டு அத்தட்டுகளில் எந்தக் கலைஞரிடம் எத்தனை சென்டில் நிற்கிறது என்பதை, அரபி அறிந்த ஒரு மாணவர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு பாடலுக்கு அளந்துவிடலாம்.